கத்தார் பெட்ரோலும் மேல் லயத்து அரிசியும்

சனிக்கிழமை, மஸ்கெலியா. தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாள்.

மனைவியின் தம்பி குமார் கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். வந்தவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? என் கடையில் உட்கார்ந்து, சாமான் வாங்க வந்தவர்களுக்கு எந்த நாட்டில் பெட்ரோல் என்ன விலை என்று போனைப் பார்த்து வாசிக்கிறான்.

"அங்க தண்ணிய விட பெட்ரோல் மலிவுங்க. இங்க நம்ம மச்சான் வேன் கூலிய ஏத்திட்டாரு!"

கடை முழுக்கச் சிரிப்பு. பதினைந்து வருடமாகச் சம்பள நாளில் தொழிலாளர் வீடுகள் இருக்கும் மேல் லயத்துக்குச் சாமானையும் ஆளையும் ஏற்றிப் போவது என் வேன்தான். நான் கொள்ளைக்காரனாம்! பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், வெலைய மட்டும் வாசிக்காத. நீ ஒரு நாள் வேலை செஞ்சா அங்க பாதி டேங்க் அடிச்சிருவ. நம்ம மேல் லயத்துச் செல்லம்மா நாள் பூரா கொழுந்து எடுத்தா எத்தனை லீட்டர் வரும்? ஒரு கை வெரல்ல எண்ணிரலாம்!"

குமார் போனைப் பைக்குள் போட்டான். செல்லம்மா அரிசி மூட்டையோடு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்கு என் சம்பளம்தான் கெடைச்சுச்சா மொதலாளி, எண்ணிக் காட்ட?"

"வேன்ல ஏறும்மா. கூலி வேணாம்."

"ஐயோ வேணாங்க, பெட்ரோல் வீணாப் போயிரும்."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று கட்டை தூரம் ஏற்றத்தில் நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

நான் சொன்ன கணக்கில் என்ன தப்பு? அந்தப் பயலுக்குத்தானே சொன்னேன்.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. அரிசி நனையாமல் போய்ச் சேர்ந்ததா என்று யாரிடம் கேட்பது?