தீக்காவல் படத்தில் நீ விட்டுப்போன வரி

என் ஆசைத் தம்பி கோபிக்கு,

உனக்குக் கடைசிவரை பிடிபடாத அந்த வரியை வாசித்துவிட்டோமடா. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நாங்கள் வந்து குடியேறிய கூர் நகருக்கு மேலே, மலைக்குடிலில் காட்டுத்தீக்குக் காவல் இருந்தவர்கள் விட்டுச்சென்ற பழைய வரைபடங்கள் அவை. புகை எழுந்தால் இடத்தைச் சட்டென்று சொல்வதற்காக, ஓடை, பண்ணை, ஊர்ப் பெயர்களைப் படத்தின் மேலேயே மையால் எழுதியிருந்தார்கள். வன அலுவலகத்தில் வேலை முடிந்த பிறகும் அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்தோடு நீ மல்லுக்கட்டினாய். நோயில் விழுந்தும் விடவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படத்தை என் பக்கம் திருப்பினாய். "அக்கா, இந்த ஒரு வரி மட்டும் விளங்குதில்லை. எச்சரிக்கை மாதிரிக் கிடக்கு. ஆரும் செத்த இடமோ தெரியாது."

"முதல் சூப்பைக் குடி. பிறகு பாப்பம்" என்றேன். பிறகு என்று ஒன்று இருக்குமென்று நம்பினேன்.

இப்போது அந்தப் படங்களைக் கண்காட்சிக்கு வைக்கிறார்கள். அந்த வரிக்குக் கீழே 'வாசிக்க முடியவில்லை' என்று போடலாமா என உன் அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மலைக்கிராமத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். அது ஜெர்மனே இல்லையடா! அவருடைய தாய்மொழி, இந்த மலைக்கிராமங்களில் பேசும் ரொமான்ஷ். நீ ஜெர்மனிலேயே தேடிக் களைத்திருக்கிறாய். அவர் சொன்ன பொருள் இதுதான்:

"இங்கே காலையில் புகை தெரிந்தால் மணி அடிக்காதே. அம்மா அடுப்பு மூட்டுகிறாள்."

வாசித்தபின் வெகுநேரம் அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நீ போனதிலிருந்து அவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. அன்று கேட்டார்: "மேல நிண்டு பிள்ளை பாக்குது எண்டு அந்தத் தாய்க்குத் தெரியுமோ?"

உனக்குத் தெரிந்திருக்குமா?

"இவன் இருந்திருந்தா எப்பிடிச் சிரிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதார். உன்னை அனுப்பிய நாளில்கூட அழாதவர். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் இருந்து நானும் அழுதேன்.

பனி கரைந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து அந்தக் குடிலுக்குக் கூட்டிப்போவேன். அங்கிருந்து எங்கள் குசினி யன்னல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். தெரியாவிட்டாலும் தெரிகிறது என்றுதான் சொல்வேன். நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்?

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
வாணி