முகாமிலிருந்து கொண்டுவந்த கூடாரம்

என் பிள்ளைகளின் அத்தாவுக்கு,

நாங்கள் நலம். கூடாரமும் நலம்.

சோதனைச் சாவடியில் ஆண்களைத் தனியே நிறுத்தியபோது, "முகாம்ல கூடாரம் குடுப்பாங்க, விட்டுறாதே" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் விடவில்லை. போர் முடிந்து மோசுலுக்குத் திரும்பும்போது சுருட்டிக் கொண்டுவந்தேன். வீட்டுக்குக் கூரை போடும்வரை அதற்குள்தான் இருந்தோம். பிறகு தெருவே இரவல் கேட்கத் தொடங்கியது. பள்ளிக்கூடம் இடிந்து கிடந்ததால் இரண்டு வருடம் அதில்தான் வகுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டதும், குழந்தைகளுக்கு ஊசி போட்டதும் அங்கேதான். நம் மூத்தவளின் கல்யாண விருந்தும் அதில்தான். மாப்பிள்ளை நல்லவர்.

போன வாரம் உங்கள் தம்பி தன்னூன் வந்து கூடாரம் வேண்டும் என்றார்.

"யார் வீட்டுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "மதினி, ஏழு வருஷமாச்சு, ஒரு தகவலும் இல்ல. மூணு நாள் தெருவுல போட்டு, அண்ணனுக்கு பாத்திஹா ஓதிட்டு எடுத்துருவோம். எல்லாரும் கேக்குறாங்க."

யார் கேட்டும் நான் இல்லையென்று சொன்னதில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சீனி போடாத காப்பிதானே நம் வழக்கம். மூன்று நாளும் நான் சீனி போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்களாம். தன்னூன் மட்டும், "நல்லாருக்கு, இன்னும் ஊத்து" என்று கோப்பையை நீட்டினாராம்.

நேற்றுப் பிரித்துவிட்டார்கள். துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறேன். வந்ததும் பாருங்கள், ஒரு கிழிசல் கிடையாது. கடைசியாக எதற்குப் போட்டோம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்போதும்
உங்கள் மனைவி