அரைச் சாக்கு மண்

ஆவணி 2, திங்கள்

காலையில் தூறல். வார்த்து வைத்த பொம்மைகள் காயவில்லை. கொலுவில் குளம் வைப்பவர்களுக்கு வெள்ளை வாத்து ஆர்டர் வேறு கழுத்தை நெரிக்கிறது.

மத்தியானம் என் பீங்கான் பொம்மைக் கம்பெனிக்கு அண்ணன் வந்தார். கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறது. குலதெய்வம் கோயிலில் பிடிமண் எடுத்து வந்திருந்தார். அதைப் போட்டுத்தான், ஊருக்கு மாற்றாகக் கொடுத்த புதுக் காலனியில் அம்மனை அமர்த்த வேண்டும். பிடிமண் என்றால் ஒரு கைப்பிடி. இவர் கொண்டுவந்தது அரைச் சாக்கு.

"ஒரு புடி எடுத்தன், மனசு கேக்கல. இன்னொரு புடி, இன்னொரு புடின்னு அள்ளிட்டன். வாடக வூட்ல எடமில்ல. இங்கயே இருக்கட்டும்டா."

சாக்கும் எங்கள் கம்பெனியுடையதுதான், களிமண் வருகிற வெள்ளைச் சாக்கு. இந்த ஊரில் நெல், துணி எல்லாம் அதில்தான். மூலையில் வைத்தேன்.

ஆவணி 5, வியாழன்

கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்தால் யோசனை. பத்து வருடத்தில் என்னென்ன! விறகுச் சூளை போய் கேஸ் சூளை. பெயின்ட் அடித்த பெண்கள் பாதிப் பேர் ஜவுளிக் கடைக்கு. அந்த இடத்தில் ஒடிசாக்காரர்கள். அண்ணன் மகன், மங்கலம்பேட்டை ஏஜென்ட் மூலம் குவைத்தில். வரப்பில் நின்று வேலை வாங்கிய அண்ணி இப்போது என்னிடம் பொம்மைக்குப் பிசிறு சீவுகிறார். முதல் நாள் என்னை "முதலாளி" என்றார், சிரித்துக்கொண்டேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவித்துத் தின்ன மல்லாட்டைக் கடலை வாங்க மறந்துவிட்டேன்.

ஆவணி 9, திங்கள்

மூலையில் சாக்கைக் காணோம். அரவை மில் பார்க்கும் ஒடிசாக்காரர் பிபினைக் கேட்டேன்.

"களிமண் சாக்குண்ணா. மில்லுல போட்டாச்சு."

அவரைச் சொல்லி என்ன. அந்தச் சாக்கைக் கம்பெனிக்குள் பார்த்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்தக் கூழ் வாத்துகளாகி நேற்றே சூளைக்குள்.

அண்ணனிடம் சொன்னேன். திட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். சாயங்காலம் திரும்பினார்.

"வேலி போட்டுட்டாங்க. கோயிலு இருந்த எடத்துல மெஷினு நிக்குது. உள்ள வுடல."

டீ வாங்கித் தந்தேன், குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூஜை, ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பிடிமண் இல்லாமல் பூசாரி அம்மன் கல்லை நட மாட்டார்.

"நம்மகூட வர ஆத்தாளுக்கு இஷ்டமில்லியோ என்னமோ" என்றார் அண்ணி.

ஆவணி 11, புதன்

சூளை திறந்தோம். வெள்ளை வாத்துகள் மேலெல்லாம் பழுப்புப் புள்ளி. ஆர்டர் கொடுத்த கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். பிபின் உடைசல் குவியலில் கொட்டப் போக, அண்ணி ஓடிப்போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டாதீங்க. நம்ம மண்ணு இதுலதான இருக்குது?"

அண்ணனைக் கூப்பிட்டோம். ஒரு வாத்தை எடுத்துப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது போகவில்லை. வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஆவணி 13, வெள்ளி

நல்ல வெயில். காலனியில் மரம் ஒன்றுகூட இல்லை. குழி தோண்டி வைத்திருந்தார்கள்.

"மண்ணு எங்கப்பா?" என்றார் பூசாரி.

அண்ணன் கூடையைத் திறந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். "வேற மண்ணு இல்லீங்க. ஆத்தா இதுலதான் இருக்குறா."

பூசாரி ஒரு வாத்தை வாங்கி நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"சூளையில வச்சு சுட்டதா?"

"ஆமாங்க."

"அப்ப இனிமே கரையாது. கொண்டா."

ஒவ்வொன்றாக இறக்கினோம். பிபினும் ஒன்று வைத்தார். ஒரு வாத்தை மட்டும் அண்ணி தரவில்லை. வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார். மகனுக்காம், குவைத்துக்கு.