கிரேனுக்குக் காட்டிய பெருவிரல்

செவ்வாய் இரவு, கொட்டாஞ்சேனை.

இன்றைக்கு என் கைச்சைகையைப் பார்த்து ஒரு உண்மையான கிரேன் கம்பிக்கட்டைத் தூக்கியது!

வெள்ளவத்தையில் மாடிக்கட்டடம் கட்டும் இடத்தில், கிரேனுக்குச் சைகை காட்டும் வேலைக்கு என்னைச் சோதித்தார்கள். வீடியோ பார்த்து கட்டடச் சாமான்களின் பெயர்களையெல்லாம் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். அங்கே ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நான் "சாரம்" என்று, ஏறி நின்று வேலை செய்யும் பலகைக்கட்டைக் காட்டினேன். இங்கே லுங்கிக்கும் சாரம் என்றுதான் பெயர். மேசன் இடுப்பில் கட்டியிருந்த லுங்கியை இழுத்துக் காட்டி, "இதுவோ தங்கச்சி?" என்று சிரித்தார்.

"அதுதான் இங்க வாயை நம்புறேல்ல, கையைத்தான் நம்புறது" என்றார் போர்மன் அண்ணை.

கம்பிக்கட்டு சொன்ன இடத்தில் அழகாக இறங்கியது. சந்தோஷத்தில் பெருவிரலை உயர்த்திவிட்டேன். கிரேன் ஓட்டுபவருக்கு அது கிரேனின் நீட்டுக்கையை மேலே தூக்கச் சொல்லும் சைகை. இறங்கிய கட்டு திரும்பவும் அந்தரத்தில் ஆடியது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

"பிள்ளை, லைக் போடுறதெண்டா வீட்ட போய்ப் போடு!" என்று கத்தினார் போர்மன் அண்ணை.

"நாளைக்கும் வரட்டா அண்ணை?"

"அந்த விரல் அடங்கியிருந்தா வா."

போவேன். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.