யாரும் அணைக்காத சூடம்

1978 ஜூன் 25, ஞாயிறு

கட்சியின் டவுன் தலைவர் நல்லுசாமி வந்து போனார். "கங்காணி, உங்க தோட்டத்து ஓட்டு அத்தனையும் நமக்குத்தானே?"

"ஒண்ணுகூடச் சிந்தாது லா!" என்று மார்தட்டினேன். கட்சியின் தோட்டத்துக் கிளைத் தலைவன் என்றால் சும்மாவா? போன தேர்தலிலும் நான் காட்டிய சின்னத்துக்குத்தான் எல்லாரும் போட்டார்கள்.

என் பெண்டாட்டி பவளம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் சட்டியை ஓங்கி வைத்தாள்.

ஜூன் 28

விடாத மழை. ஆயாக்கொட்டகையில் மறுபடியும் ஒழுகுகிறதாம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போகிறார்கள். ரஞ்சிதத்தின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. கூரை மாற்றித் தருவதாகக் கட்சி போன தேர்தலிலேயே சொன்னது.

ஜூலை 1

கூரையைச் சொல்லிப் பெண்கள் முணுமுணுப்பது நல்லுசாமி காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. "பொம்பளைங்க என்னமோ பேசிக்கிறாங்களாமே? நாளைக்குக் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் வாங்கிடுங்க கங்காணி. இல்லாட்டி கிளைக்கு வேற ஆளப் பாக்கணும்."

வேற ஆளா? என் தோட்டத்தில்?

ஜூலை 2, ஞாயிறு

அப்பப்பா, என்ன பெண் இவள்!

மாரியம்மன் சன்னதியில் தட்டில் சூடத்தை ஏற்றினேன். என் வீட்டிலிருந்தே தொடங்கட்டும் என்று பவளத்தைக் கூப்பிட்டேன். உள்ளங்கையால் சூடத்தை அணைத்து, நம்ம கட்சிக்கே போடுவேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வந்தாள். "சூடம் அம்மனுக்கு ஏத்துனது. ஓட்டு என்னோடது. ரெண்டையும் ஏங்க போட்டுக் கொழப்புறீங்க?" என்றாள். சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து ரஞ்சிதம். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக, எல்லாரும். சத்தியம் கேட்டால் சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்! ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. நான் தட்டும் கையுமாக நின்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லையே! உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது.

ஜூலை 3

கோபம் இன்றைக்கு வந்தது. "என் மானத்த வாங்கிட்டியேடி!" என்று கத்தினேன்.

"சத்தியம் பண்ணிட்டா அம்மனுக்குப் பயந்து அப்படியே போட்டுடுவோம். அதான் பண்ணல."

"அப்ப எதிர்க்கட்சிக்கா?"

"நான் அப்படிச் சொன்னேனா?" சோறு போட்டாள். மீன் துண்டு பெரியதாகவே வைத்தாள்.

ஜூலை 8, ஓட்டு நாள்

கட்சி லோரி வந்து நின்றது. பெண்கள் ஏறவில்லை. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் பிரிஞ்சாங் ஓட்டுச்சாவடிக்கு நடந்தே போனார்கள். ரஞ்சிதமும் இருந்தாள், குழந்தை தேறிவிட்டதாம். டிரைவர் ஹார்ன் அடித்தான். ஒருத்தியாவது ஒதுங்க வேண்டுமே! கொடி கட்டிய காலி லோரியில் அவர்கள் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போனேன். கொழுந்துக் கூடையோடு தினம் பார்க்கிற பெண்கள்தான். இந்த நடையை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்கள்?

ஜூலை 9

கட்சி ஜெயித்துவிட்டது. எல்லா ஊர் ஓட்டையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுகிறார்கள், யார் எதற்குப் போட்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? நல்லுசாமி விடவில்லை.

"உங்க தோட்டம் யாருக்குப் போட்டுச்சு?"

"தெரியாதுங்க."

"உங்க சம்சாரம்?"

"அதுவும் தெரியாதுங்க."

கிளைத் தலைவர் பதவி போயிற்று.

1982 ஏப்ரல் 18

இந்தத் தேர்தலுக்கு இரண்டு கட்சிக்காரர்களும் நேரே ஆயாக்கொட்டகைக்குத்தான் போனார்கள். பவளம் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே உட்கார வைத்தாளாம். நேற்றே புதுத் தகரம் வந்து இறங்கிவிட்டது. அடேயப்பா! நான் கைகட்டி நின்று கேட்டும் வராத தகரம்.

ஏப்ரல் 22, ஓட்டு நாள்

காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "பவளம், யாருக்குப் போடலாம்?"

"உங்க ஓட்டுக்கு என்கிட்ட ஏங்க வழி கேக்குறீங்க?" என்று சிரித்தாள்.

ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் போய்ப் பென்சிலை எடுத்தேன். இதுவரை டவுனில் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன். இன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. இவ்வளவு பெரிய நாடு, என்னைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது! இதைத்தான் அன்றைக்கு அவள் சூடத்துக்குக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றாளா? வெளியே ஆபீசர் இருமினார். இருமட்டும். யோசித்துத்தான் போட்டேன்.

பவளம் வாசலில் நின்றாள். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இங்கேயும் எழுதப் போவதில்லை.