ஆறு முனைகள்

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் மறுபடியும் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது, பாப்பாவின் நெபுலைசர் நிற்கவில்லை. மூச்சு சீரானதும் பேட்டரி அலமாரியைத் திறந்து கேபிள்களைத் தொட்டுப் பார்த்தேன். என் புருஷன் கப்பல் வேலைக்குக் கிளம்பும் முந்தின நாள் அவனே வெட்டி, அழுத்தி, மாட்டியவை. மூன்று கேபிள், ஆறு முனை. ஐந்து சாதாரணமாக இருந்தன. ஒன்று காய்ச்சல்காரி நெற்றி மாதிரி சுட்டது.

என் பிரமையா?

ஜூன் 5, வியாழன்

பிரமை இல்லை. இன்றும் அதே முனை.

போனில் சிக்னல் பத்து நிமிஷம் கிடைத்தது. "முனையை இழுத்துப் பாரு, கழண்டு வருதா?" என்றான். முந்தியே இழுத்தேன், வரவில்லை. "அப்போ மீட்டர் வச்சுப் பாரு" என்று சொல்லிக் கொடுத்தான்: இன்வெர்ட்டரில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டு, கேபிள் தோலில் குண்டூசி குத்தி, மீட்டரின் ஒரு முள்ளை ஊசியிலும் இன்னொன்றை நுனியில் கம்பியைக் கவ்வியிருக்கும் செம்புக் காதிலும் வைக்க வேண்டும். ஐந்தாறு மில்லிவோல்ட் என்றால் நல்ல இணைப்பு.

பத்து நிமிஷமும் மில்லிவோல்ட்டிலேயே போய்விட்டது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவனும்தான்.

ஜூன் 6, வெள்ளி

சுட்ட முனை: 112. மற்றவை: 31, 28, 40, 35, 33.

ஒன்றுகூட ஆறு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

எண்களை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிறகு, "ஒண்ணை அறுத்துப் பாரு. உள்ள எப்படி இருக்குன்னு வெளியிலிருந்து தெரியாது."

"நல்லா இருந்தா? அநியாயமா ஒண்ணு போயிடுமே."

"போனா போகட்டும். அறுக்காம தெரியாது டீ."

அவனுக்கென்ன. இந்த வீட்டில் அவன் கை பட்ட கடைசி வேலை இது. தினமும் அலமாரியைத் திறப்பது சூடு பார்க்க மட்டும்தானா? எனக்கே தெரியும், அதற்கு மட்டும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டரை நிறுத்தினேன். மோதிரம், வளையல் கழட்டி வைத்துவிட்டு, மைனஸ் கேபிளை முதலில் கழட்டினேன். சுட்ட முனையை இரும்பு ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். ரம்பம் இரண்டு தடவை வழுக்கியது.

நல்ல இணைப்பு என்றால் கம்பிகள் எல்லாம் ஒரே செம்புக் கட்டியாகத் தெரிய வேண்டுமாம். இது தேன்கூடு. ஓட்டை ஓட்டையாக. நடுவில் தனியாக வெட்டிச் செருகிய கம்பித் துண்டுகள். காது பெரிசாக இருந்திருக்கிறது; இடைவெளியைத் துண்டு வைத்து அடைத்திருக்கிறான்.

அன்றைக்கு டார்ச் பிடித்தது நான்தானே! "இறுக்கமாத்தான் இருக்கு, போதும்" என்றான். எனக்கும் போதும் போலத்தான் இருந்தது. கிளம்ப இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது — கேபிளையா பார்ப்பேன்? ஐயோ, தீப்பிடித்திருந்தால்? சுவருக்கு அந்தப் பக்கம்தான் பாப்பாவின் கட்டில்.

ஜூன் 10, செவ்வாய்

கேபிள் கடை அக்காவிடம் அறுத்த துண்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா? தலையணைக்குப் பஞ்சு திணிக்கிறவரா?"

சிரித்தேன். வெளியே வந்ததும் அழுகை வந்தது. அவனை நான் திட்டலாம், இன்னொருத்தி கேலி பண்ணக் கூடாது.

ஆனாலும் அவள்தான் கேபிளுக்குச் சரியான அளவில் ஆறு காதுகளும், பழகிப் பார்க்க இன்னும் இரண்டும், கையால் பம்ப் அடிக்கும் அழுத்தக் கருவியும் கொடுத்தாள். "அறுகோண அச்சு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டற வரைக்கும் அடிக்கணும். பாதியில விட்டா அதுவும் பஞ்சுதான்."

ஜூன் 11, புதன்

சொல்லிவிட்டேன். தேன்கூடு, செருகிய துண்டு, எல்லாம்.

 

"கடையில அளவான காது இல்லன்னான். விடிஞ்சா கிளம்பணும்... நான் பாட்டுக்கு அடைச்சுட்டேன். பாப்பா பக்கத்துல."

"விடுடா. நானும்தான் பக்கத்துல இருந்தேன்."

"நான் வந்து செய்யறேன். அதுவரைக்கும்—"

லைன் போய்விட்டது. அதுவரைக்கும் என்றால் நாலு மாதம். பாப்பாவின் மூச்சு நாலு மாதம் காத்திருக்குமா?

ஜூன் 14, சனி

முதலில் ஒரு துண்டுக் கேபிளில் அழுத்தி, அறுத்துப் பார்த்தேன். ஓட்டை இருந்தது, பம்ப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டாவது துண்டு: ஒரே கட்டி. வழவழவென்று, புது நாணயம் மாதிரி.

பிறகு அவனுடைய மீதி ஐந்து முனைகளையும் வெட்டினேன். ஆறையும் புதிதாக அழுத்தினேன்.

5, 4, 6, 5, 5, 4.

தோள்பட்டை கழன்று விழுகிறது.

ஜூன் 19, வியாழன்

காலையில் பக்கத்து வீட்டம்மா, "ராத்திரி மூணு மணி நேரம் கரண்ட் இல்லை, எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டபோதுதான் கரண்ட் போன விஷயமே எனக்குத் தெரியும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நானும் பாப்பாவும் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கியிருக்கிறோம்.

மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன்.

"என்னாச்சு? சூடா இருக்கா?" எடுத்தவுடனே பதறினான்.

"ஒண்ணும் இல்லை. எல்லாம் சரியா இருக்கு."

"அப்போ எதுக்குக் கூப்பிட்டே?"

"சும்மா."

சிக்னல் பத்து நிமிஷம் முழுசாக இருந்தது. மில்லிவோல்ட்டைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை.