ரோஜாவுக்கு ஊற்றிய இன்பத் துளி

கடிதம் எண் 17
04.03.2091, ஞாயிறு, காலை 6.40

அன்பு மகள் வாயாடிக்கு, அப்பாவின் ஆசிகள்.

உன் அம்மா மறைந்த 22.01 அன்று நீ வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் புன்னகையோடு வரவேற்றாய். குற்றம் சொல்லவில்லை. காலையில் அரசின் இன்பத் துளியைப் போட்டுக்கொண்டவள் எப்படி அழுவாய்?

எனக்கும் துளி தவறாமல் வருகிறது. கவலை வேண்டாம். ஜன்னலோர ரோஜாவின் படம் இணைத்துள்ளேன்.

அன்புடன்,
அப்பா

●

அப்பா,

படம் வந்துது. பருவமே இல்லாம ஒரே செடியில இத்தனை பூவா? துளியைச் செடிக்குத்தானே ஊத்தறீங்க? அது பட்டா பட்ட கொம்பும் பூக்கும். அதோட வீரியத்தைச் சோதிக்கிறதே என் வேலை, எனக்கே காது குத்தறீங்களா!

12ஆம் தேதி உங்க தெருவுக்கு ஆய்வாளர் வரார். மாட்டினா ஊசிதான். அப்புறம் அம்மா யாருன்னு கேட்டாலும் சிரிப்பீங்க. பேசாம துளியைப் போட்டுக்கோங்கப்பா.

துளி போட்டா கோபமே வராதே, உங்களை நல்லாத் திட்டி எழுதணும்னு நேத்து அதைத் தள்ளி வெச்சேன். கோபம் வரலை. ஆய்வகத்துல எல்லார் முன்னாலயும் அம்மாவை நினைச்சு அழுதுட்டேன். வேலை போயிடும் போல. இது எப்பப்பா நிக்கும்?

வாயாடி

●

கடிதம் எண் 18
14.03.2091, புதன், மாலை 4.15

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து 09.03 என்று குறித்துக்கொண்டேன். திருத்திக்கொள்.

ஆய்வாளர் வந்தார். "ரோஜா அமோகமா இருக்கே, ஐயா!" என்றார்.

"எல்லாம் உங்க துளிதான், தம்பி. எனக்கு வேண்டாம்னு அதுக்குக் குடுத்துட்டேன்" என்றேன்.

ஊசியை மறுப்பவர் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்பது சட்டம். மறுத்துக் கையெழுத்திட்டேன். 20.03 அன்று புறப்படுகிறேன். பேருந்தில் இரண்டு இருக்கைகள் பதிவு செய்துள்ளேன். வா என்று நான் சொல்லமாட்டேன். துளி போடாத தலையோடு நீயே முடிவு செய்.

அழுகை எப்போது நிற்கும் என்று கேட்டிருந்தாய். எனக்கு இன்னும் நிற்கவில்லை. நின்றால் தேதியிட்டுத் தெரிவிப்பேன்.

இவ்வளவு பெரிய நகரத்தில் உன் அம்மாவுக்காக இருவர் அழுதிருக்கிறோம். நீ முதல் வகுப்பில் தேறிய நாளில்கூட நான் இத்தனை நிமிர்ந்து நடந்ததில்லை, மகளே.

பெருமையுடன்,
அப்பா

இணைப்பு:
1. பேருந்துச் சீட்டு ஒன்று, 20.03, காலை 7.00.
2. அம்மா என்னை முறைத்துக்கொண்டிருக்கும் படம்.
3. கைக்குட்டை இரண்டு. ஒன்று போதாது.